மெதுவாக நகரும் கனமான சுமைக்கு மோட்டார் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாசிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த சின்ன டவுன் எங்களுடையது. ஆலைக்குள் ஓடும் ட்ராலி, பட்டறை வாசல் கேட், கோயில் தேர், கல்யாண மண்டபத்துச் சுழல் மேடை என்று எதற்கு மோட்டார் வாங்கப் போனாலும் முன்கூட்டி வந்து கேட்கும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றேதான். பலரும் பணத்தை மோட்டாரில் கொட்டிவிட்டு கியர் பாக்ஸில் மிச்சம் பிடிக்கிறார்கள். அது உடையும் நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பார். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இருக்கின்றன.

அண்ணே, ஒரு டன்னுக்கு எத்தனை எச்பின்னு ஒரே வரியில சொல்லுங்களேன்?

அப்படி ஒரு எண் கிடையாது தம்பி. சமதளத்தில் உருளும் சுமையின் எடையைத் தாங்குவது சக்கரமும் தண்டவாளமும்தான், மோட்டார் அதைச் சுமப்பதே இல்லை. மோட்டார் எதிர்த்து இழுப்பது உராய்வை, சரிவு இருந்தால் சரிவையும் சேர்த்து. ஆகவே "ஐந்து டன்" என்று மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எதன் மேல் உருளுகிறது, தரை எவ்வளவு சாய்வு, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் போக வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை நின்று புறப்படும், இவ்வளவும் தெரிய வேண்டும்.

டார்க், பவர் ரெண்டும் ஒண்ணுதானே? கடைக்காரர் ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்றார்.

இரண்டும் வேறு. சுமையை இழுக்கத் தேவையான விசையை நியூட்டனில் எடுத்து, சக்கரத்தின் ஆரத்தை மீட்டரில் எடுத்து, இரண்டையும் பெருக்கினால் டார்க், அதாவது முறுக்குவிசை. அதே விசையை வேகத்தால் (நொடிக்கு எத்தனை மீட்டர்) பெருக்கினால் பவர், வாட் கணக்கில். சுமையை நகர்த்த முடியுமா என்பதை டார்க் சொல்லும்; எவ்வளவு சீக்கிரம் நகர்த்த முடியும் என்பதை பவர் சொல்லும்.

வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பவரும் பாதியாகும், ஆனால் டார்க் அப்படியே நிற்கும். மெதுவாக நகரும் கனமான சுமையின் குணமே இதுதான்: பவர் கொஞ்சம், டார்க் நிறைய. இரண்டையும் கோக்கும் சூத்திரம் ஒன்று உண்டு, அதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்: கிலோவாட் = நியூட்டன் மீட்டர் × ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ÷ 9550. எச்பி வேண்டுமென்றால் 746 வாட் ஓர் எச்பி.

உராய்வு எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்கு, நேர்ல வேற மாதிரி இருக்கு.

புத்தக எண் தொடக்கத்துக்கு மட்டும்தான். நல்ல பேரிங் போட்ட இரும்புச் சக்கரம் சுத்தமான தண்டவாளத்தில் ஓடினால், மொத்த எடையில் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை இழுவை போதும். சாதாரணப் பட்டறை வேலைக்கு 2 சதவீதம் வைத்தால் நிம்மதி. காற்று சரியாக அடித்த ரப்பர் டயர் தார் ரோட்டில் 1 முதல் 1.5 சதவீதம். அதே டயர் தோட்டத்துச் செம்மண் பாதையில் 3 முதல் 8 வரை போகும், மழை பெய்து ஊறிய மண் என்றால் அதற்கும் மேலே.

பேரிங் இல்லாமல் புஷ் (அச்சு உள்ளே வழுக்கிச் சுற்றும் உலோக வளையம்) மட்டும் போட்ட சக்கரத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு: புஷ்ஷின் உராய்வு எண்ணை அச்சின் ஆரத்தால் பெருக்கி, சக்கரத்தின் ஆரத்தால் வகுக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் விட்டத்தில் அச்சு, 300 மில்லிமீட்டர் விட்டத்தில் சக்கரம், கிரீஸ் இருக்கும்போது உராய்வு எண் 0.15 என்றால் வருவது 2.5 சதவீதம். காய்ந்து போய் 0.3 ஆனால் 5 சதவீதம். செம்பனை ஆலையில் குலைக் கூண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குலைகளோடு கூண்டும் அவிக்கும் கலனுக்குள் போய் ஏறக்குறைய 3 பார் ஆவியில், 130, 140 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. சாதாரண கிரீஸ் இளகி வடிந்து, வெளியே வரும்போது அச்சுப் பக்கம் கறுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கும். காலையில் லேசாக வந்த கூண்டு மாலையில் முரண்டு பிடிப்பது அதனால்தான்.

இதையெல்லாம்விட நம்பகமான வழி, அளந்து பார்ப்பது. சுமையை ஏற்றி, கயிற்றுக்கும் ட்ராலிக்கும் நடுவில் குலை நிறுக்கிற மாதிரித் தொங்கு தராசு ஒன்றைப் படுக்கவாட்டில் மாட்டி, செயின் பிளாக்கால் நிதானமாக இழுங்கள். அசையும் நொடியில் தராசு காட்டும் கிலோவை ஒரு தாளிலும், அசைந்த பிறகு ஓடும்போது காட்டும் கிலோவை இன்னொரு வரியிலும் குறித்து, 9.81-ஆல் பெருக்கினால் நியூட்டன் வந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் அளக்காதீர்கள். தண்டவாள இணைப்பு, வளைவு, ஒரு ராத்திரி முழுக்க சுமையோடு நின்ற இடம், மூன்றிலும் அளந்து பெரிய எண்ணை எடுங்கள். இழுக்கும்போது கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.

சரி, முழுக் கணக்கை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.

ட்ராலியும் சுமையும் சேர்த்து 5 டன். சமமான தண்டவாளம். சக்கரம் 300 மில்லி விட்டம். வேகம் நிமிடத்துக்கு 6 மீட்டர், அதாவது நொடிக்கு 0.1 மீட்டர். எடை ஏறக்குறைய 49,000 நியூட்டன். அதில் 2 சதவீதம் 980, நாம் 1,000 என்று வைப்போம். ஓடும்போது பவர் 1,000 × 0.1 = 100 வாட். சக்கரத்தில் டார்க் 1,000 × 0.15 = 150 நியூட்டன் மீட்டர். ஒரு சுற்றுக்கு 0.942 மீட்டர் போகிறது, எனவே சக்கரம் 6.4 ஆர்பிஎம். மேலே சொன்ன 9550 சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், அதே 0.1 கிலோவாட் வரும். வராவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது என்று அர்த்தம்.

நாலு போல் (காந்த முனை) உள்ள மோட்டார் 50 ஹெர்ட்ஸில் சுமையோடு சுமார் 1,440 ஆர்பிஎம் ஓடும். அதை 6.4-க்கு இறக்க 226-க்கு ஒன்று வேண்டும்: 60-க்கு ஒன்று வோர்ம் கியர் பாக்ஸ் (திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் வகை), மீதி 3.77 செயினும் ஸ்ப்ராக்கெட்டும். இந்த அளவு வோர்ம் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே சூடாகப் போய்விடும், செயினையும் சேர்த்தால் நமக்குக் கிடைப்பது 60 சதவீதம். 100 ÷ 0.6 = 167 வாட். புறப்படும் நொடிக்கு இரண்டு மடங்கு வைத்தால் 333 வாட். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 0.37 கிலோவாட், அதாவது அரை எச்பி. வோர்ம் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது இன்னும் மோசமாக விழுங்கும், மொத்தம் 45 சதவீதம்தான் தேறும் என்று வைத்தாலும் மோட்டார் தண்டில் 3 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தேவை. நேரடியாக ஸ்டார்ட் ஆகும் 0.37 மோட்டார் அந்த நேரத்தில் ஏறக்குறைய 5 கொடுக்கும். நாள் முழுக்க நின்று நின்று ஓடினால் 0.55 வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எங்க தண்டவாளம் கொஞ்சமா சரிஞ்சிருக்கு, கண்ணுக்குக்கூடத் தெரியாது. அதையும் சேர்க்கணுமா?

கட்டாயம். ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்றால் யார் கண்ணுக்கும் சமதளம் போலத்தான் இருக்கும், ஆனால் அது எடையில் 2 சதவீதம். மேலே போட்ட ட்ராலிக்கு 980 நியூட்டன் கூடுகிறது, தேவை அப்படியே இரட்டிப்பு. ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி இரு முனையிலும் மட்டம் பாருங்கள், பத்து நிமிட வேலை.

இறக்கத்தில் ஆபத்து வேறு மாதிரி. பழைய புஷ்ஷை எடுத்துவிட்டு நல்ல பேரிங் போட்டால் உராய்வு அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும், அப்போது இருநூறுக்கு ஒன்று சரிவிலேயே ட்ராலி தானாகப் புறப்படும். பேரிங் மாற்றிய அன்றே பிரேக்கையும் பாருங்கள்.

வெறும் அரை எச்பியா? பழைய இரும்புக் கடையில 5 எச்பி மோட்டார் மலிவா கிடக்குது, அதைப் போட்டா இன்னும் நல்லதுதானே?

நல்லதில்லை. தேவையான அளவுக்குத்தான் மோட்டார் கரண்ட் இழுக்கும் என்பது உண்மை, அதனால் எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் வித்தியாசமே தெரியாது. சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் சிக்கும் நாளில்தான் தெரியும். 0.37 மோட்டார் முட்டி நிற்கும்போது 60-க்கு ஒன்று கியர் பாக்ஸின் வெளித்தண்டில் ஏறக்குறைய 190 நியூட்டன் மீட்டர் வரும், அதோடு ஓவர்லோட் (கரண்ட் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே) விழுந்துவிடும். 5 எச்பி மோட்டார் அதே இடத்தில் 1,900 கொடுக்கும். ஓவர்லோட் யோசித்து முடிப்பதற்குள் கியர் பல் போயிருக்கும், இல்லையென்றால் செயின் அறுந்து பறக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் டார்க் லிமிட்டர் ஒன்று போட்டு, அளவுக்கு மேல் போனால் நழுவும்படி இறுக்கி வையுங்கள். அந்தச் செலவுக்குச் சின்ன மோட்டாரே வந்துவிடும் என்பது என் கருத்து.

அப்போ கியர் பாக்ஸ் எப்படிப் பாத்து வாங்குறது? கேட்லாக்ல எச்பிதான் பெருசா போட்டிருக்கான்.

எச்பி வரியை மறந்துவிட்டு வெளித்தண்டு டார்க் வரியைப் பாருங்கள். நம் ட்ராலியில் ஓடும்போது பெட்டியின் வெளித்தண்டில் 43, புறப்படும்போது 86 நியூட்டன் மீட்டர். நின்று நின்று ஓடும் வேலைக்கு ஓடும் டார்க்கை 1.5-ஆல் பெருக்க வேண்டும், 65 வருகிறது. ஆனால் புறப்படும் 86-ஐயும் மோட்டார் முட்டி நிற்கும்போது வரும் 190-ஐயும் பெட்டி தாங்கியாக வேண்டும். நொடி நேர அதிர்ச்சிக்கு இரண்டு மடங்கு தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் 100 நியூட்டன் மீட்டர் பெட்டி போதும். எழுதாவிட்டால் 200 எடுங்கள்.

அடுத்தது பலர் பார்க்காமல் விடுவது, பக்கவாட்டு இழுப்பு. செயின் ஓட்டினால் வெளித்தண்டின் பேரிங்கைச் செயின் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். 86 நியூட்டன் மீட்டரை 40 மில்லி ஆரமுள்ள ஸ்ப்ராக்கெட்டில் எடுத்தால் 2,150 நியூட்டன் இழுப்பு. 60 மில்லி ஆரத்தில் எடுத்தால் 1,430-தான். சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டு விகிதத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்து ஆயில் சீல் ஒழுகுகிறது என்று வருபவர்கள் அதிகம். ஸ்ப்ராக்கெட்டைத் தண்டின் நுனியில் மாட்டாமல் பெட்டியை ஒட்டி மாட்டுங்கள்.

கோயில் தேருக்கு மோட்டார் வைக்கணும்னு கமிட்டியில பேச்சு. 3 டன் தேர், ஆள் நடக்கிற வேகம்.

இரண்டு இடத்தில் கணக்குப் போடுங்கள். டவுன் தார் ரோட்டில், சமமான இடத்தில், 1.5 சதவீதம் என்றால் இழுவை 440 நியூட்டன், நொடிக்கு 0.4 மீட்டர் நிதான நடைக்கு 180 வாட் கூட வராது. அதே தேர் தோட்டத்துக் கோயில் வாசலிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் மண் பாதையில், 5 சதவீத உராய்வு, பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றம் என்றால்: 1,470 + 2,450 = 3,920 நியூட்டன். பவர் 1,570 வாட், இழப்பு 30 சதவீதம் சேர்த்தால் 2.2 கிலோவாட்டுக்கு மேல். 48 வோல்ட் பேட்டரியில் 47 ஆம்பியர். தேரின் எடை மாறவே இல்லை, பாதை மாறியதில் ஒன்பது மடங்கு. ஊர்வலம் போகும் வழி முழுக்க நடந்து, மிகக் கெட்ட இருபது மீட்டருக்குத்தான் மோட்டார் வாங்க வேண்டும்.

அந்த ஏற்றத்தில் மோட்டார் நின்றால் தேர் பின்னால் வரும். பிரேக் சக்கரத்திலேயே இருக்க வேண்டும். மோட்டார் பக்கம் இருந்தால் செயின் அறுந்த நொடியில் அது வீண். கரண்ட் போனால் தானாகப் பிடிக்கும் வகையாக இருக்கட்டும். அப்புறம், மோட்டார் வந்துவிட்டது என்று முட்டுக்கட்டை போடும் ஆட்களை நிறுத்திவிடாதீர்கள். சுற்றி நிற்பது நம் பிள்ளைகள்.

மேல தூக்குறதுக்கும் இதே கணக்குதானா?

சூத்திரம் அதே, விசை வேறு. தூக்கும்போது முழு எடையும் கயிற்றில் வந்துவிடும். 500 கிலோவை நொடிக்கு 0.1 மீட்டர் தூக்க 490 வாட், அதாவது 5 டன் ட்ராலியைப் போல் ஐந்து மடங்கு. தூக்கும் இயந்திரங்களுக்கு ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) விதிகளும் சான்றிதழும் உண்டு, சொந்தமாக வெல்டிங் செய்து தொங்கவிடும் வேலை இது இல்லை. வேலையைத் தொடங்குவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டர் போட்டா வேகத்தை எவ்வளவு வேணும்னாலும் குறைக்கலாமே, கியர் பாக்ஸ் எதுக்கு?

இன்வெர்ட்டர் (மோட்டாருக்குப் போகும் கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றும் கருவி) வேகத்தைக் குறைக்கும், டார்க்கைப் பெருக்காது. 0.37 மோட்டாரின் டார்க் 1,440 ஆர்பிஎம்மில் 2.45 நியூட்டன் மீட்டர். 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும் அதே 2.45-தான், பவர் மட்டும் ஐந்தில் ஒன்றாகிவிடும். சக்கரத்தில் 150 வேண்டும். கியர் இல்லாமல் அதைத் தர 22 கிலோவாட் மோட்டார் தேவை, அதுவும் 0.2 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும், அந்த வேகத்தில் தண்டிலுள்ள ஃபேன் காற்று வீசும் அளவுக்குச் சுற்றாததால் சூட்டில் போய்விடும். டார்க்கைப் பெருக்குவது கியர் மட்டும்தான்.

ஆனாலும் இன்வெர்ட்டர் போடச் சொல்வேன், வேறு காரணத்துக்காக. மெதுவாகப் புறப்பட வைக்கும், சுமை ஆடாது, தற்காலிகமாக 150 சதவீதம் டார்க் தரும். வீட்டு சிங்கிள் பேஸ் 230 வோல்ட்டிலிருந்து த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டவும் அது வழி. அப்படிச் செய்யும்போது 230/400 என்று தகட்டில் போட்ட மோட்டாரை டெல்டாவில் (மூன்று சுருளையும் முக்கோணமாகக் கோக்கும் முறை) இணைக்க வேண்டும். ஸ்டாரில் (மூன்று சுருளின் ஒரு முனையை ஒன்றாகக் கட்டும் முறை) விட்டால் டார்க் கிடைக்காமல் "இன்வெர்ட்டர் சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

ஸ்டார் டெல்டா போட்டா ஸ்மூத்தா ஸ்டார்ட் ஆகும்னு வயர்மேன் சொன்னார்.

ஸ்டாரில் புறப்பட்டு டெல்டாவுக்கு மாறும் முறை அது. ஸ்டாரில் இருக்கும்போது கரண்ட் மூன்றில் ஒன்று, டார்க்கும் மூன்றில் ஒன்று. நமக்கு அதிக டார்க் வேண்டியதே புறப்படும்போதுதான். காற்றாடி, பம்ப் மாதிரி லேசாகப் புறப்படுவதற்கு அது சரி, பாரமான ட்ராலிக்குப் பொருந்தாது. 400 வோல்ட் சப்ளையில் 230/400 தகடு போட்ட சின்ன மோட்டாருக்கு ஸ்டார் டெல்டா போடவும் கூடாது, டெல்டாவுக்கு மாறியதும் எரிந்துவிடும்.

சுத்துற மேடை செய்றோம், 2 டன், நிமிஷத்துக்கு ஒரு சுத்து. சக்கரம் போற வட்டம் ஒன்றரை மீட்டர் ஆரம்.

உராய்வு 3 சதவீதம் வைத்தால் சக்கரம் போகும் வட்டத்தில் 590 நியூட்டன், ஒன்றரை மீட்டர் ஆரத்தில் 880 நியூட்டன் மீட்டர். ஒரு ஆர்பிஎம்மில் பவர் 92 வாட். பல்பு அளவு பவர், லாரி எஞ்சின் அளவு டார்க்! நடு அச்சில் கியர் பாக்ஸ் வைத்து இதை எடுக்கப் பார்க்காதீர்கள், விளிம்பில் ரப்பர் சக்கரம் வைத்து உருட்டினால் சின்னப் பெட்டியே போதும்.

இங்கே புறப்படும் நேரத்தையும் பார்க்க வேண்டும். 2 மீட்டர் ஆரமுள்ள வட்டப் பலகை என்று எடுத்தால் முழு வேகத்துக்கு 2 நொடியில் வர 210 நியூட்டன் மீட்டர் கூடுதலாக வேண்டும். 0.2 நொடியில் வர வைத்தால் 2,100. மேடையில் நிற்கும் மணமக்களுக்கும் கியருக்கும் சேர்த்தே சொல்கிறேன், இன்வெர்ட்டரில் 4, 5 நொடி ஏற்ற நேரம் வையுங்கள், நிறுத்தவும் அதே அளவு.

மோட்டார் சுத்துது, சக்கரமும் சுத்துது, ட்ராலி மட்டும் நகரல. மோட்டார் சின்னதோ?

மோட்டார் போதும், பிடிமானம்தான் போதவில்லை. இரும்பு மேல் இரும்பு காய்ந்திருக்கும்போது, ஓட்டும் சக்கரத்தின் மேல் விழும் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம் வரை இழுக்கும் என்று நம்பலாம். நம் 5 டன்னில் பாதி எடை ஓட்டும் சக்கரங்களில் என்றால் 3,700 நியூட்டன், புறப்படத் தேவையான 2,000-க்கு மேல், பிரச்சினை இல்லை. ஆலைக்குள் தண்டவாளத்தில் எண்ணெய் படிந்து அது 8 சதவீதத்துக்கு இறங்கினால் 1,960. நிற்கும் இடத்திலேயே சுற்றும். நாலு சக்கரத்தையும் ஓட்டுங்கள், இல்லையென்றால் வின்ச்சும் கயிறும் போட்டு இழுங்கள். ஆலைகளில் கூண்டுகளைக் கயிறு போட்டு இழுப்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

வின்ச் போட்டால் டிரம்மில் கயிறு அடுக்கடுக்காகச் சுற்றுவதைக் கணக்கில் எடுங்கள். ஆரம் 100 மில்லியில் தொடங்கி மூன்றாவது அடுக்கில் 130 ஆனால் அதே சுமைக்கு 30 சதவீதம் அதிக டார்க். கடைசி அடுக்கின் ஆரத்தில் கணக்குப் போடுங்கள்.

வோர்ம் கியர் தானா லாக் ஆகிக்கும்ல, பிரேக் எதுக்குத் தனியா?

60-க்கு ஒன்று பெட்டி நின்றிருக்கும்போது பெரும்பாலும் பின்னால் சுற்றாது. ஆனால் அதிர்வு வந்தால், எண்ணெய் சூடாகி இளகினால், பல் தேய்ந்து வழுவழுப்பானால் மெல்ல மெல்ல நழுவும். சமதளத்தில் அது பரவாயில்லை. சரிவிலோ கயிற்றிலோ தொங்கும் சுமைக்கு அதை நம்பக் கூடாது, தேர் கேள்வியில் சொன்ன பிரேக் இங்கேயும் வேண்டும்.

எல்லாம் மாட்டியாச்சு. கிளாம்ப் மீட்டர்ல பாத்தா சும்மா ஓடும்போதே ஆம்பியர் பாதிக்கு மேல காட்டுது. உராய்வு அவ்வளவு இருக்கா?

அது உராய்வு இல்லை. சின்ன இண்டக்‌ஷன் மோட்டார்கள் சுமையே இல்லாமல் ஓடும்போதும், காந்தப்புலத்தை உண்டாக்க மட்டுமே தகட்டில் போட்ட ஆம்பியரில் பாதி, சில சமயம் அதற்கும் மேல் இழுக்கும். அதனால் ஆம்பியரை வைத்துச் சுமையைக் கணக்கிட்டால், பாதிச் சுமைக்குக் கீழே எண் ஒன்றுமே சொல்லாது. வாட் காட்டும் மீட்டர் கிடைத்தால் சுமையில்லாமல் ஒரு தடவை, சுமையோடு ஒரு தடவை எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் செயினைக் கழற்றிவிட்டுத் தொங்கு தராசால் மறுபடி இழுத்துப் பாருங்கள். முன்பு தாளில் குறித்த எண்ணைவிட அதிகம் காட்டினால் அச்சு கோணலாக உட்கார்ந்திருக்கிறது, மோட்டாரைத் தொடாமல் அதைச் சரி செய்யுங்கள்.